கேத்திலும் காரும்

கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. என் ஜப்பான் கார் மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியது. ஒருநாள் பாதி வழியில் அதன் சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. கிளினிக்குக்குப் புறப்பட்ட பிள்ளைத்தாய்ச்சியை ஓட்டோவில் மாற்றி அனுப்பியபோது வெட்கத்தில் என் முகம் எரிந்தது.

கராஜ்காரத் தம்பி பானெற்றைத் தூக்கி ஒருதரம் எட்டிப் பார்த்தான்.

"எஞ்சினுக்கு வயசு போட்டுது அக்கா. உதை வித்துப்போட்டு வேறை ஒண்டு எடுங்கோ."

"விக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் தேநீருக்குக் கேத்திலைத் திறந்தேன். அடியில் வழக்கம்போலச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சுரண்டப்போன கை நின்றுவிட்டது. எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரில் குறையும்போதெல்லாம் நான் ஊற்றியதும் இதே கிணற்றுத் தண்ணீர்தானே! ஊரே மெச்சும் நல்ல தண்ணீர் என்று பெருமையோடு அல்லவா ஊற்றினேன்!

மறுநாள் கராஜில் போய் நின்றேன். "ரேடியேட்டரைக் கழட்டித் திறவும் தம்பி. பாக்காமல் போகமாட்டன்."

உள்ளே குழாய்களெல்லாம் கேத்தில் அடியைப் போலவே வெள்ளையாக அடைபட்டுக் கிடந்தன. தம்பி தலையைச் சொறிந்தான். "எஞ்சினிலை பிழையில்லை அக்கா." அடைப்பை எடுத்து, கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகக் கடையில் விற்கும் கூலன்ட் விட்டுத் தந்தான்.

பிள்ளை பிறந்ததும் அந்தப் பெண்ணை வீட்டுக்கு ஏற்றிவந்தது நான்தான்.

"உந்தக் கார் இன்னும் ஓடுதோ அக்கா?"

"ஓம். என்ரை நல்ல தண்ணியைக் குடுக்கிறதை நிப்பாட்டினாப் பிறகு, நல்லா ஓடுது."