நான் அடித்தவருக்காகச் சொன்ன சாட்சி

வேலூரில் போலீஸ் பயிற்சியின்போது, வைக்கோல் அடைத்த கோணி மூட்டையை லத்தியால் அடிக்கச் சொல்வார்கள். "மூஞ்சியப் பாக்காத, அடி!" என்பார் டிரில் வாத்தியார். ஆறே மாதத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது.

அடுத்த வருடம் ஆம்பூரில், தோல் பதனிடும் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டுக் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். கலைக்கச் சொல்லி உத்தரவு வந்ததும், முன்வரிசையில் இருந்த ஒருவரின் தோளில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் பெயர் காதர் பாய் என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்லெறிந்ததாக அவர்மீதே வழக்குப் போட்டார்கள். நான்தான் முதல் சாட்சி. சொல்ல வேண்டியதை இன்ஸ்பெக்டர் மூன்று நாள் மனப்பாடம் செய்ய வைத்தார்.

கோர்ட்டு வாசலில், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி காதர் பாய் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா சார், நான் உக்காந்துனுதானே இருந்தேன்? நீங்க பாத்தீங்க இல்ல?" என்றார்.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்; உள்ளே போனேன். நான் சாட்சிக் கூண்டில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் என்னையே முறைத்தார்.

"இவர் கல்லெறியலைங்க. சும்மா உக்காந்திருந்தவர அடிச்சது நான்தான்" என்றேன்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் கத்தினார்: "யூனிபாரத்தக் கழட்டிட்டுப் போடா!"

"கழட்டறேன். சொன்னத மாத்த மாட்டேன்" என்றேன், முதல்முறையாக 'சார்' சேர்க்காமல்.

வழக்கு தள்ளுபடியானது. என் வேலை போனது; அதற்காக நான் வருந்தியதே இல்லை. ஆனால் காதர் பாயின் வலது கை கடைசிவரை தோளுக்கு மேலே எழவில்லை. யார் கேட்டாலும், அது நான் செய்தது என்றே சொல்கிறேன்.