நான் விட்டுவிட்ட மூன்றாவது வரி

அமுதா அக்காவின் வேலையைப் பறித்தவன் நான்தான். தெரிந்தே பறித்தேன்...

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் கணினி பார்ப்பவன் நான். அக்கா சூளைப் பொறுப்பாளர். ஒருநாள் சூடு எல்லை மீறி, உள்ளே இருந்த ஃப்யூஸ் கட்டைகள் அத்தனையும் வளைந்துபோயின. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. யாரோ கணினியில் அதை முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

யார் என்பது கணினி தானே குறித்துவைக்கும் லாக் ஃபைலில் இருக்கும். ஒவ்வொரு பதிவும் மூன்று வரி: நேரம், நுழைந்தவர் பெயர், எந்தக் கணினி. ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் அந்த மூன்றையும் பிரியாமல் சேர்த்தெடுக்க, பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன்.

எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்த மேலாளர் தோளில் கைபோட்டார். முதலாளிக்குப் படிக்கப் பொறுமை இருக்காது, இரண்டு வரி போதும் என்றார். அவரை என் அண்ணனைப் போல நினைத்திருந்தேன். முதல் இரண்டு வரியை மட்டும் எடுக்கும்படி நிரலை மாற்றினேன். இரண்டாம் வரியில் அமுதா என்று வந்தது. எங்கள் ஆலையில் எல்லோரும் அக்கா பெயரில்தான் கணினிக்குள் நுழைவோம். அது எனக்குத் தெரியாதா?

விசாரணைக்குச் சற்று முன்பு, மனம் கேட்காமல் மூன்றாவது வரியைத் திறந்து பார்த்தேன். மேலாளர் அறைக் கணினி! அவசர ஆர்டருக்காகச் சூட்டைக் கூட்டி, மணியையும் நிறுத்தியவர் அவர். தன் தடயத்தை என் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறார். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாரே!

முதலாளி அறையில் அக்கா என்னைத்தான் பார்த்தார். சூடு எல்லை மீறிய நேரத்தில் சூளையருகே இருந்தவர் அவர் ஒருவரே.

"எனக்கு மணிய நிறுத்துன ஞாபகமே இல்ல தம்பி. நீ எடுத்ததுல எல்லாம் இருக்குதா?"

மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதுக்கா" என்றேன்.

"அப்ப நாந்தான் தெரியாம அமுக்கிட்டேன் போல" என்று சொல்லி, வேலையிலிருந்து விலகும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஏமாந்தவன் நான் என்று இன்றும் என் மனம் வாதாடுகிறது. சரி... ஆனால் அந்தப் பொய்யை என் வாயில் வைத்தது யார்? வேலை போய்விடும் என்ற பயம்தானே! அக்காவுக்கு மட்டும் வேலை முக்கியமில்லையா?

போன மாதம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஓடி ஒளிய நினைத்தேன், அவரே கூப்பிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தும், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தாராம்.

"இப்பல்லாம் என் கைய நானே நம்புறதில்ல தம்பி" என்று சிரித்தார்.

அந்த மூன்றாவது வரி இன்னும் என் கணினியில் இருக்கிறது. ஒரே ஒரு வரி... சொல்லியிருக்கலாம். அவர் ஏறவேண்டிய பெண்ணாடம் பஸ் வந்தது.

"போயிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.