நைனா போட்ட சுண்ணாம்புக் கோடு

எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் நிற்பதை வெளியூர்க்காரர்கள் மலை என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். சுரங்கத்துக் கல்லை மாவாக அரைத்து, சைனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய கழிவு அது. நாங்கள் சைனைடு மேடு என்போம். ஆடிக் காற்றில் அந்த மாவு ஜன்னல் வழியே வந்து சோற்றுத் தட்டில் உட்காரும். என் நைனாவின் நெஞ்சிலும் உட்காரும். வாலிபத்தையெல்லாம் சுரங்கத்துக்குள் கழித்த மனிதர். அந்த நெஞ்சில் ஏற்கெனவே இடமில்லை.

நான் தினமும் ரயிலேறி பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர் வேலைக்குப் போகிறவள். அங்கே பேராசிரியர் ஒருநாள் சொன்னார்: "உங்க மேட்டு மண்ணுல கால்சியம், மக்னீசியம் இருக்கு. ஈரம் கொடுத்தா காத்துல இருக்கிற கரியமில வாயுவைப் பிடிச்சுக் கல்லாக்கிடலாம். மேல ஓடு மாதிரி இறுகினா தூசியும் அடங்கும்." முதல் பாதி அவருக்கு முக்கியம், கடைசி வரி எனக்கு.

அனுமதி வாங்கி, மேட்டடியில் சில சதுரங்கள் பிரித்து, முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினோம். முடிவு நன்றாக வந்தால் எங்கள் பக்கத்து மேடு முழுவதும் செய்து பார்ப்பதாகப் பேச்சு. ஆடு, ஆள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி நைனாவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிற நான் அந்தப் பக்கமே போகவில்லை. மாணவர்கள் வந்து மண் எடுத்துப் போனார்கள். ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டதும் மண் நுரைத்துப் பொங்கியது. வாயுவைப் பிடித்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் பார்க்கப் போனேன். சதுரங்களைச் சுற்றி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக, பளிச்சென்று சுண்ணாம்புக் கோடு!

"இன்னா நைனா பண்ணி வெச்சிருக்க?"

"கயித்த எவன் மதிக்கிறான்? அறுத்துனு போயிட்டான். கோடு போட்டேன், ஒருத்தன் கால் வெக்கல பாரு. மழையில கலையக் கலைய வாரா வாரம் போட்டேன்."

சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிப்டு முடிந்து வந்து ஹாக்கி மைதானத்துக்குக் கோடு போட்டவர் அவர். அந்தக் கோட்டை எங்கள் ஊரில் யாரும் மிதிக்கமாட்டார்கள். படித்த மாணவர்களோ, மண் எடுக்க ஆய்வுக்கூடம் போட்ட அடையாளம் என்று நினைத்து அந்தக் கோட்டின் மேலேயே மண் தோண்டியிருக்கிறார்கள்! யாரைத் திட்டுவது?

பொங்கியது மேடு அல்ல, நைனாவின் கோடு. சுண்ணாம்பு தானாகவே கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகும். சூளையில் சுட்டபோது வெளியே விட்டதைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதில் உலகத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை எங்கள் மேட்டுக்கு வந்திருக்கும். ரயிலில் பங்காருபேட்டை தாண்டியும் அதையே யோசித்தேன். ஆனால் ஒன்றுமில்லாததை நம்பி மேட்டை ஈரமாக்கி, அது இறுகாமல் போனால்? திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். பேராசிரியர் அத்தனை சதுரங்களையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். அடுத்த முறை வேறு ஊர்க் கழிவில் பார்க்கலாம் என்றார். எங்கள் ஊருக்கு இன்னொரு முறை கிடையாதாம்.

"நான் கெடுத்துட்டனாம்மா?" என்று கேட்டார் நைனா.

"ஆமா, கெடுத்துட்ட." ஆறுதல் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

ஆடி பிறந்ததும் முளைக்குச்சிகளைப் பிடுங்கப் போனேன். மேடு முழுக்கப் புகையாகப் பறந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நைனா போட்ட கோடுகள் மட்டும், கையளவு அகலத்துக்கு, ஒரு துகள்கூட எழாமல் இறுகிக் கிடந்தன. ஆத்திரத்தில் ஓங்கி உதைத்தேன். என் கால்தான் வலித்தது. கீழே வீட்டில் நைனா ஜன்னலைச் சாத்திக்கொண்டே இருமுவது கேட்டது.