லாத்தாவின் கை திரும்பும் பக்கம்

எடிட்டிங் திரையில் நான் நிறுத்தி வைத்திருந்த படத்தில் ஒரு கழுத்து இருந்தது, அதைச் சுற்றி இரண்டு கைகள் இருந்தன, நடுவில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடுதான் கருகமணி. மேலப்பாளையத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் தாய் மணப்பெண்ணின் கழுத்தில் கட்டும் கறுப்பு மணிச் சரம். ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்த பிறகு பெண்கள் மட்டும் நிறைந்த அறையில் அது நடக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தும் விடும். அந்த நேரம் பார்த்துப் படம் மங்கி, கட்டி முடித்துக் கைகளை எடுத்த பிறகு தெளிந்திருந்தது. அதை எடுத்த லாத்தா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னாள். ஓடவிட்டேன். மாமியார் வாசலில் இருந்து பெண்ணை நோக்கி நடந்து வர வர, லாத்தாவின் மடியில் கிடந்த இடது கை படத்தோடு சேர்ந்து தானாக இடப்பக்கம் திரும்பியது. பல வருடமாக அந்தக் கை அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

லாத்தா என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் இருந்த ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். அவள் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, புர்காவுக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போவாள். பெண்கள் பக்கம் ஆண் வந்து படம் எடுக்கக்கூடாது என்கிற வீடுகள் எல்லாம் அவளைத்தான் கேட்டன. அப்படி எடுத்ததை ஒரு பெண்தான் உட்கார்ந்து வெட்டி ஒட்டவும் வேண்டும் என்று சில வீடுகளில் சொன்னதால், முக்கூடலில் இருந்து தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்த எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. பெண்கள் பக்கத்துப் படம் ஓடும்போது என் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருக்கும். ஸ்டூடியோ முதலாளி, நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், லாத்தா எடுத்த படம் ஒன்றைக்கூட ஆயுசில் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. அந்த மனிதர்தான் அவள் கை சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

எங்கள் கேமராவும் லென்ஸ்களும் அதுவரை ஒரே கம்பெனிதான். அப்போதெல்லாம் அந்த வகைக் கேமராவில் வீடியோ எடுக்கும்போது ஃபோகஸை அதன் இஷ்டத்துக்கு விட முடியாது. விட்டால் ஆளைத் தேடிக்கொண்டு முன்னும் பின்னும் அலையும், மோட்டார் உறுமுவது வேறு பதிவாகித் தொலைக்கும். அதனால் லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையத்தைக் கையால் திருகித்தான் ஆளைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர் கிட்டே வந்தால் இடப்பக்கம், விலகிப் போனால் வலப்பக்கம். லாத்தா அதை யோசித்துச் செய்ததில்லை. அப்படி யோசித்தால் அந்த வேலையைச் செய்யவும் முடியாது. அந்தச் சமயத்தில் அண்ணாச்சி ஒரு புது லென்ஸ் வாங்கினார். வேறு கம்பெனி, ஆனால் எங்கள் கேமராவில் பொருந்தும். நல்ல கண்ணாடி, பொய் சொல்லக்கூடாது. இருட்டு மண்டபத்திலும் முகம் பளிச்சென்று விழும். அதன் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஸ்டூடியோ வாசலில் ஃப்ளெக்ஸே வைத்துவிட்டார். என்ன, அதன் வளையம் எதிர்ப்பக்கம் திரும்பும். லாத்தா கையில் வாங்கியவுடனே அதைச் சொன்னாள். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி, அந்த வாரமே மேலப்பாளையத்துப் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு அதையே கொடுத்து அனுப்பினார்.

விளைவுதான் என் திரையில் நின்றுகொண்டிருந்தது. மங்கிய படத்தை எந்த வித்தை செய்தும் தெளியவைக்க முடியாது. ஆல்பத்தோடு வீடியோவும் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டில் இருந்து போன் வந்தது. அண்ணாச்சி லாத்தாவைக் கூப்பிட்டார். அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை என்றுதான் அவரும் நினைத்தார், மற்றவர்களும் நினைத்தார்கள். அந்த வீட்டுக்குப் போய்க் கை தவறிவிட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். லென்ஸைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. ஊரெல்லாம் பெருமை அடித்து வாங்கிய சாமான் ஆயிற்றே. சொல்ல முடியாது என்றால் இனிமேல் கேமராவைத் தொட வேண்டாம், கீழே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டலாம். ஆல்பம் ஒட்டுகிற வேலை கேவலம் இல்லை. ஆனால் கை சரியில்லாதவள் என்கிற பெயரோடு அதை ஒட்ட வேண்டும், அந்தப் பெயர் மேலப்பாளையம் முழுக்கப் போகும். அப்புறம் எந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள்?

லாத்தா குரலை உயர்த்தவில்லை. "படம் மங்கிட்டுன்னு சொல்லுதேன் அண்ணாச்சி. மாப்பு கேக்கணும்னா கேக்குதேன். கை தவறிட்டுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். என் கை போக வேண்டிய பக்கம்தான் போச்சு," என்றாள்.

இந்த வளையங்களின் கதையை நான் பிற்பாடு நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கம்பெனியில் ஃபோகஸ் இப்படித் திரும்பும், இன்னொன்றில் அப்படி. ஃபோகஸ் ஒத்துப்போகிற லென்ஸில் ஜூம் ஒத்துப்போகாது. லாத்தாவின் வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போது துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்த பழைய லென்ஸ் ஒன்று அப்படித்தான், பாதி நம் பக்கம், பாதி எதிரிப் பக்கம். ஒரு கம்பெனிக் கேமராவில் லென்ஸை மாட்டுவதற்கே, மற்றவர்கள் கழற்றுகிற பக்கம் திருக வேண்டுமாம். ஏன் இப்படி என்று விற்கிறவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு விளங்கிய காரணம் ஒன்றுதான். ஆதியில் யாரோ ஒருவர் ஒரு பக்கம் வைத்தார், அடுத்தவர் வேறு பக்கம் வைத்தார், அதற்குப் பிறகு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இத்தனை பெரிய கம்பெனிக்காரர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்களாம், மேலப்பாளையத்து லாத்தா மட்டும் ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் ஒரு குழாயை மட்டும் எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டால், மாட்டியவனைத்தானே திட்டுவோம்? தண்ணீர் பிடிக்கிறவளின் கையையா திட்டுவோம்?

ஆனால் ஸ்டூடியோவில் கையைத்தான் திட்டினார்கள். ஆண்கள் பக்கம் எடுக்கும் இரண்டு கேமராக்காரர்கள் இருந்தார்கள், வேறு கல்யாணங்களுக்கு அதே லென்ஸை மாறி மாறி எடுத்துப்போனவர்கள். தங்களுக்கு அந்த லென்ஸ் பழகிவிட்டது என்றார்கள். இது ஆளைப் பொறுத்த விஷயம் என்றார்கள். அதில் ஒருவர், பீடி சுற்றின கைக்கு லென்ஸ் எப்படி வசப்படும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் லாத்தா பீடி சுற்றியவள்தான். நானும் சுற்றியிருக்கிறேன், மடியில் முறம் வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து. நான் பதிலுக்குக் கத்த எழுந்தேன். லாத்தாதான் முதலாளியைப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னாள். "அந்தப் பீடிக் கடைக்காரனே நல்லவன் அண்ணாச்சி. எடை குறையுதும்பான், இலை கிழிசலும்பான். ஒரு நாளும் வந்து எதிர்ப்பக்கமா சுத்துளான்னு சொன்னதில்ல."

அதற்கு அவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். படம் பிடிக்கிறவர்கள் செய்கிற தப்பெல்லாம் எடிட்டரின் மேசைக்குத்தான் வந்து சேரும். புது லென்ஸ் வந்த நாளில் இருந்து ஆண்கள் பக்கத்துப் படங்களிலும் அந்தத் தடுமாற்றம் இருந்தது. மாப்பிள்ளை நடந்து வருவார், படம் ஒரு நொடி இன்னும் மங்கும், பிறகு பதறிக்கொண்டு தெளியும். கை முதலில் பழைய பக்கம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். நான்தான் அந்த இடங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பூவையும் விளக்கையும் காட்டி ஒட்டுப்போட்டு வைத்திருந்தேன். அவர்களின் பெயர் கெடாமல் இருந்ததற்கு என் கத்தரி ஒரு காரணம். அவர்களுடைய அதிர்ஷ்டம், ஆண்கள் பக்கத்தில் கைகொடுப்பதும் கட்டிப்பிடிப்பதும் சாயங்காலம் வரை நடக்கும், ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். கருகமணி அப்படி இல்லை, அது ஒரு தடவைதான்.

வெட்டிப் போட்ட துண்டுகள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. மதியத்துக்குள் அவற்றைக் கோத்துவிட்டேன், ஆண்கள் பக்கத்துப் படம் மட்டும். பிறகு கதவைத் திறந்து அண்ணாச்சியையும் அந்த இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டேன், லாத்தாவையும்தான். ஓடவிட்டேன். மாப்பிள்ளை மங்கினார். மாப்பிள்ளையின் வாப்பா மங்கினார். நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத் மங்கினார். பிரியாணிச் சட்டிகூட ஒரு இடத்தில் மங்கித் தெளிந்தது. பீடியைப் பற்றிப் பேசியவர் பக்கத்தில் நின்றவரிடம் சாதாரணமாகச் சொன்னார்: "புது லென்சுல்லா வே. அது அப்படித்தான் இழுக்கும்."

"அதத்தான நானும் காலைல இருந்து சொல்லுதேன்," என்றாள் லாத்தா.

தங்கள் கை என்றால் அது லென்ஸ், அவள் கை என்றால் அது கை. அந்த நியாயத்தை அவர்கள் வாயாலேயே கேட்டதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் அண்ணாச்சி அசையவில்லை. உள்ளே ஆயிரம் இருக்கலாம், வெளியே லென்ஸ் மேல் பழி போட முடியுமா என்று கேட்டார். நானே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று லாத்தா கிளம்பிவிட்டாள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் ஆட்டோவில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம்.

மாப்பிள்ளையின் தாய் எங்களை உட்காரச் சொன்னார். கருகமணி கட்டியது அவருடைய கைதான். லாத்தா சுற்றி வளைக்கவில்லை. "மாமி, இந்த லென்சு எதிர்ப்பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முதலாளி குடுத்தாவன்னு உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன் பாருங்க, அது என் தப்பு. அதுக்கு மாப்பு கேக்குதேன். என் கை தவறல," என்றாள்.

இந்த இடத்தில் அந்த அம்மாள் லாத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "யாரு தப்பா இருந்தா எனக்கென்ன. திரும்பவும் கட்ட முடியுமா?" என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் நடந்தது, எங்களைக் கூப்பிடவே இல்லை. நியாயம்தான். அவர் இழந்தது இழந்ததுதான். ஆனால் செய்யாத தப்பைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தவில்லை என்கிற திருப்தி லாத்தாவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

மறுநாள் அவள் ஆல்பம் ஒட்ட உட்காரவில்லை. தன் கை பழகிய பழைய லென்ஸை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பினாள். அண்ணாச்சி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்கு ஞானோதயம் ஆகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பெண்கள் பக்கம் அனுப்ப அவருக்கு வேறு பெண் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம். கொஞ்ச நாளில் மற்ற இரண்டு பேரும் பேச்சில்லாமல் பழைய லென்ஸ்களுக்கே திரும்பிவிட்டார்கள். புதியது அலமாரியில் கிடந்தது. வாசலில் இருந்த ஃப்ளெக்ஸ் மட்டும் வெயிலில் வெளுக்கும் வரை தொங்கியது.

இப்போது எனக்குப் பாளையங்கோட்டையில் சொந்தமாக ஒரு எடிட்டிங் கடை இருக்கிறது. லாத்தா யாரிடமும் வேலை பார்க்கவில்லை, தானே கல்யாணம் பிடித்துத் தானே எடுக்கிறாள். பெண்கள் பக்கத்துப் படம் என்னிடம்தான் வரும். போன மாதம் புதுக் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். ஃபோகஸை அதுவே பிடிக்கும், கண் எங்கே இருக்கிறது என்றுகூட அதுவே கண்டுபிடிக்கும். அப்படியானால் கைக்கு இனி வேலை இல்லையே என்றேன். கூட்டத்துக்குள் யார் குறுக்கே வந்தாலும் அது அந்த முகத்தைப் பிடித்துக்கொள்கிறது, நமக்கு வேண்டிய முகம் எது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். கருகமணி கட்டும்போது இன்னமும் கையால்தான் திருகுகிறாளாம். மெனுவில் இருக்கும் பொடி எழுத்து அவளுக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. நான் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஆள் கிட்டே வந்தால் ஃபோகஸ் வளையம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அது நம்மிடம் கேட்டது. வலது, இடது, இரண்டும் இருந்தன.

லாத்தா அதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். நமக்குத் தோதான பக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஜூம் வளையத்துக்கும் அப்படி உண்டா என்றாள். இல்லை, அது இன்னும் அவர்கள் இஷ்டம்தான் என்றேன். இந்த மட்டுக்காவது கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்ததே என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவனுக்குத் தானா வந்திருக்காது, ஏட்டி. எங்கயோ ஒருத்தி, என் கை தவறலன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா," என்றாள். பிறகு கேமராவை என் கையில் இருந்து வாங்கி, இடது என்பதைத் தானே அமுக்கினாள்.