டச்சப் அக்காவின் கை

தொழிற்சாலையில் அவளுக்கு டச்சப் அக்கா என்றுதான் பெயர். சினிமாக்காரர்களுக்கு முகத்தில் பவுடர் ஒற்றிவிடுகிற வேலை என்று உறவுக்காரர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அறைக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அவள் வேலை வேறு. வாஷிங் மெஷினுக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டுகள் பெல்ட்டில் வரிசையாக வரும். அவற்றின் அடிப்பக்கம் முழுக்க ஈயம் வைத்துப் பற்றவைத்த புள்ளிகள். ஒழுங்காகப் பற்றிய புள்ளி பளபளக்கும். பற்றாத புள்ளி மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். மங்கலைக் கண்டதும் சால்டரிங் அயர்னின் சூடான முனையை ஒரு கணம் வைத்து எடுக்க வேண்டும். அதுதான் டச்சப். ஒரு போர்டுக்கு இருபது விநாடி, அப்படிப் பதினோரு வருஷம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். உண்மையில் அவள் கண் பார்த்துச் சொல்வதற்குள் கை போய்வந்துவிடும். பக்கத்தில் இருப்பவளிடம் மாமியார் கதை பேசிக்கொண்டே தொட்டுக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் ஒரு அறிவிப்பு வந்தது. டச்சப் மேஜையில் இருக்கிற பதினாலு பேரின் வேலையையும் இனி கேமரா வைத்த ஒரு மெஷின் செய்யுமாம். எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேலை உண்டு. அவள் புருஷன் வேன் ஓட்டியவர். முதுகுத்தண்டு போனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். மகள் இன்னும் படிக்கிறாள். யோசிக்க என்ன இருக்கிறது? நாற்பத்து மூன்று வயதில் சமுதாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். காலையில் வகுப்பு, இரண்டு மணிக்கு ஷிப்ட்.

படிப்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஓம் விதி மண்டையில் ஏற ஒரு மாதம் ஆயிற்று. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் எது எது என்று மகளிடம் கேட்டால், அவள் தன் பாடத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்து, எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டாள். பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு. அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

அவளோடு டச்சப் மேஜையிலிருந்து இன்னொருத்தியும் படித்தாள். வகுப்பில் அவளுக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். மின்சாரத்தை அளக்கிற மல்டிமீட்டரைக் கீழே வைக்கவே மாட்டாள். அவள் பற்றவைத்தால் காக்காய் எச்சம் போட்ட மாதிரி இருக்கும் என்று சிரிப்பார்கள்.

தேர்வன்று மேஜைக்கு ஒரு போர்டு வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொன்றிலும் ஒரு பழுதை வேண்டுமென்றே செய்துவைத்திருந்தார். மல்டிமீட்டரால் மூன்று இடத்தில் அளந்து ரீடிங் எழுத வேண்டும். பழுது எங்கே என்று எழுதி அவரிடம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும். வாத்தியார் ஒரு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தியதும் இதைத்தான்: முதலில் அளங்கள், அப்புறம் எழுதுங்கள், கடைசியில்தான் கை வைக்க வேண்டும்.

அவள் போர்டைத் திருப்பினாள். எங்கே முதலில் அளக்க வேண்டும் என்று மனதுக்குள் பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். மூக்கில் புகை வாசனை ஏறியபோதுதான் கீழே பார்த்தாள். அயர்ன் அவள் கையில் இருந்தது. அடிப்பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஸ்விட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

மல்டிமீட்டர் தொடாமலே மேஜை ஓரத்தில் கிடந்தது.

தேர்வாளர் வந்து பார்த்தார். "போர்டு நல்லா ஓடுதும்மா. எங்க பழுது இருந்துது?"

"தெரியல சார். நாலஞ்சு இடத்துல தொட்டுட்டேன்."

"எந்தெந்த இடம்?"

அதையும் அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்றை மறுபடி கெடுத்து அளக்கலாமா என்றுகூடப் பைத்தியம் மாதிரி யோசித்தாள். எதைக் கெடுப்பது? வாத்தியார் ஓடிவந்து கெஞ்சினார். தேர்வாளர் கெட்டவர் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தன்னால்கூட இவ்வளவு சுத்தமாகப் பற்றவைக்க முடியாது என்றார். ஆனால் ரீடிங் எழுத வேண்டிய கட்டங்கள் மூன்றும் காலி. காலிக் கட்டத்துக்கு மனுஷன் எப்படி மார்க் போடுவார்? அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.

மீட்டர் தேறிவிட்டாள்.

வீட்டில் புருஷனுக்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. "அதான் சரி பண்ணிட்டியே, அப்புறம் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"சரி பண்ணதுதாங்க தப்பு" என்றாள். அதற்குமேல் விளக்க அவளுக்குத் தெம்பில்லை. பதினோரு வருஷம் சோறு போட்ட கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் மெஷின் வந்து இறங்கியது. பன்னிரண்டு பேர் கணக்குத் தீர்ந்து போனார்கள். அவளை மட்டும் இரண்டு வாரம் இருக்கச் சொன்னார்கள். எது நல்ல புள்ளி, எது கெட்ட புள்ளி என்று மெஷினுக்கு முதலில் யாராவது காட்டிக்கொடுக்க வேண்டுமாம். அவள் கண்ணை விட்டால் வேறு ஆள் இல்லையாம். புது டெக்னீஷியன் மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிக் காட்டினாள். "அக்கா, இது?" என்று கேட்கும்போது இவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். இவள் சொல்வதை அப்படியே பதிந்துகொள்வாள்.

மூன்றாம் நாள் இவள் ஒரு முடிவோடுதான் போய் உட்கார்ந்தாள். பத்துப் புள்ளியையாவது மாற்றிச் சொல்லிவிட வேண்டும். மெஷின் குழம்பட்டும். குழம்பினால் இன்னும் ஒரு மாதமாவது வைத்திருப்பார்கள்.

திரையில் சாம்பல் பூத்த புள்ளி ஒன்று வந்தது.

"அக்கா, இது?"

நல்லது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கெட்டது" என்றாள்.

அன்று முழுக்க அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். அவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்ததில் மெஷின் சீக்கிரமே தேறிவிட்டது. இரண்டு வாரம் என்றவர்கள், ஒன்பதாம் நாளே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.