மூன்றாவது கொம்பு

டென்மார்க்கில் எங்கள் ஏரி ஆய்வு நிலையத்தில் எல்னா பிர்க் வேலைக்குச் சேர்ந்தபோது நான் அங்கே படகோட்டி. தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்களை இனம் பிரிப்பதில் அப்போது நிலையத்தின் மூத்த ஆய்வாளர் தோர்வால்ட் ரோஸ்டெட் வைத்ததுதான் சட்டம். நுண்ணோக்கியில் கொம்புகளோடு தெரியும் ஒருவகை உயிரை அவர் ஏகப்பட்ட இனங்களாகப் பிரித்திருந்தார். பின்பக்கம் இரண்டு கொம்பு என்றால் ஓர் இனம், மூன்று என்றால் இன்னொன்று. மிக மெல்லிய ஒன்றுக்கு, தொண்டை அடைப்பான் நோயில் செத்துப்போன மகள் ஆஸ்தாவின் பெயரை வைத்திருந்தார்.

ஏரி சூடேறும்போதுதான் மூன்று கொம்பு அதிகமாகிறது, எல்லாம் ஒரே இனமாக இருக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் எல்னா சொன்னாள்.

"பேஷ்! அப்ப மாட்டையும் மானையும் ஒரே கொட்டில்ல கட்டும்மா. கேட்டா, வெயில்ல கொம்பு வளைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம்!" என்றார் ரோஸ்டெட். எல்லோரும் சிரித்தார்கள்.

எல்னா ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். அது பிளந்து பெருகியதும் பல தட்டுகளில் பிரித்து, சிலவற்றைக் குளிரிலும் சிலவற்றை வெதுவெதுப்பாகவும் வைத்தாள். வெதுவெதுப்பான தட்டில் பிறந்தவற்றுக்கு மூன்றாவது கொம்பு எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை ரோஸ்டெட் காபிக் கெண்டியிலிருந்த வெந்நீரை எல்லாத் தட்டுகளிலும் ஊற்றிவிட்டார்.

"கழுவப் போட்டதுன்னு நெனைச்சுட்டேன்."

எல்னா அழவில்லை. வாடகை அறையில் மறுபடி முதலிலிருந்து வளர்த்தாள். முடிவு உறுதியானதும் சேதி பரவியது. ரோஸ்டெட் தொப்பியைக் கையில் பிடித்தபடி படகுத்துறைக்கே வந்தார்.

"மத்த பேரு எல்லாத்தையும் அடிச்சுடு. ஆஸ்தாவை மட்டும் விட்டுடும்மா."

"அதுவும் அதே உயிர்தானே, ஐயா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

"தெரிஞ்சதாலதான் கேக்கறேன்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினாள்.

ஆண்டுக் கூட்டத்தில் அவள் திரையில் காட்டிய முதல் படமே ஆஸ்தாதான். கடைசி வரியில் ஒரு குறிப்பாகத் தள்ளியிருக்கலாம். "இப்படி ஓர் இனம் ஒருநாளும் இருந்ததில்லை" என்றாள், நிறுத்தி நிதானமாக. முன்வரிசையில் இருந்த ரோஸ்டெட்டின் மனைவி எழுந்துவிட்டார்.

"இருந்தாளே..." என்றார். "இருந்தாளே அவ."

அவர் உட்காரும்வரை எல்னா காத்திருந்தாள். பிறகு அடுத்த படத்தைப் போட்டாள்.

ரோஸ்டெட் அதன்பின் நிலையத்துப் பக்கம் வரவில்லை. ஏரியைப் பார்த்த அவர் அறை எல்னாவுக்குக் கிடைத்தது. ஒருநாள் படகில் ஏறும்போது நானே கேட்டுவிட்டேன்: "அதை மொதப் படமா வைக்கணும்னு என்னம்மா அவசியம்?"

"அவசியம் ஒண்ணுமில்ல" என்றாள். "நேரமாகுது, கயித்தை அவிழுங்க."