காமிராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீடு முட்டுச் சந்தில். காரைத் தினமும் பின்னாலேயேதான் வெளியே எடுக்க வேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்ததிலிருந்து என்னால் திரும்பிப் பார்க்க முடிவதில்லை. பின்பக்கக் காமிராதான் என் கண். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அந்தக் கண்ணில் பனி மூட்டம். எதிர்வீட்டுக் குழந்தை வாசல் தாண்டித் தவழத் தொடங்கியிருந்த நேரம் அது.

சமயநல்லூர் மெக்கானிக் குனிந்து பார்த்தார். "லென்ஸெல்லாம் கீறலாக் கெடக்கேண்ணே. எதைப் போட்டுத் தேய்ச்சீக?"

"சந்தனம் காஞ்சு ஒட்டிருச்சு" என்றேன்.

கூட வந்த மனைவி விடவில்லை. "பொட்டு வச்சது நாந்தேன். கம்பி நாரப் போட்டுத் தேய்ச்ச மகராசன் யாராம்?"

மெக்கானிக் சிரித்தார். "பாலிஷ் போட்டா பாதி தெரியும். இல்லாட்டி புதுசா மாத்திரலாம்."

பாதி போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதித் தூக்கம், பாதிக் கழுத்து என்று எல்லாவற்றுக்கும் பழகிப்போன அலுப்பு. ஆனால் குழந்தை எந்தப் பாதியில் தவழும்?

"மாத்திருங்க" என்றேன்.

வீடு திரும்பியதும் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு காருக்குப் பின்னால் போனாள். "புதுசுக்கு வைக்காம எப்பிடி?"

தடுக்கத் தெம்பில்லை. "வையி. ஒரு சாண் தள்ளி வையி."